கிளஸ்டர் நிலையானது என்றால் எதற்கு எதிராக?

மே 3, இரவு. கேள்வி

"காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். புராஜெக்டுக்காக பிஎஸ்ஏ, அதாவது மாட்டு சீரம் ஆல்புமின், வைத்து தங்க நானோ கிளஸ்டர், அதாவது சில பத்துத் தங்க அணுக்கள் மட்டும் சேர்ந்த துணுக்கு, செய்தேன். யுவி விளக்கில் பிடித்தால் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. சுத்தம் செய்து மேசையில் வைத்திருந்தேன். ரெண்டு வாரத்தில் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விட்டது. எல்லாப் பேப்பரிலும் மிகவும் நிலையானது என்றுதான் போட்டிருக்கிறார்கள். என் கை சரியில்லையா, இல்லை நிலைத்தன்மை என்பதே பேப்பரில் மட்டும் இருக்கிற சங்கதியா?"

மே 3, இரவு 11 மணி

கையைக் குறை சொல்லாதே தம்பி. சிவப்பாக ஒளிர்ந்ததென்றால் கிளஸ்டர் உருவாகியிருக்கிறது. மூன்று விஷயம் மட்டும் சொல். சுத்தம் செய்தது எந்தத் தண்ணீரில்? பாட்டில் இருந்தது ஏசி அறையிலா, வெளியிலா? இப்போது பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கரைசல் என்ன நிறம்? மூன்றாவதுதான் முக்கியம். பழுப்பாகவே இருக்கிறதென்றால் ஒரு கதை, கருஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்றால் வேறு கதை.

மே 4, காலை

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இப்போது வருகிறேன். நிலைத்தன்மை பேப்பரில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. ஆனால் எதற்கு எதிராக என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. காற்றுக்கு எதிராகவா, சூட்டுக்கு எதிராகவா, உப்புக்கா, வெளிச்சத்துக்கா, பக்கத்தில் வந்து நிற்கிற இன்னொரு கிளஸ்டருக்கா? ஒன்றுக்கு அசையாத கிளஸ்டர் இன்னொன்றுக்கு முன்னால் ஒரு நிமிஷம் தாங்காது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்க அணுக்களைக் கேட்டால் அவற்றுக்குப் பிடித்த இடம் கட்டித் தங்கம்தான். ஸ்ரீபுரம் பொற்கோவிலில் செப்புத் தகட்டின் மேல் ஒட்டிய தங்க ரேக்கு 2007-இலிருந்து நம் ஊர் வெயிலையும் மழையையும் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. அதே தங்கத்தில் இருபத்தைந்து அணுவை மட்டும் தனியாக வைத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகத்தான் பார்க்கும். சேரவிடாமல் தடுப்பது மேலே போர்த்தியிருக்கிற தையாலோ (கந்தகக் கை உள்ள கரிம மூலக்கூறு) புரதமோதான். அந்தப் போர்வையை ஈனி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஆய்வகத்தில் எல்லாரும் லிகண்ட் என்போம். ஆக எந்தக் கிளஸ்டரும் கட்டித் தங்கத்தோடு ஒப்பிட்டால் நிலையற்றதுதான். கட்டியாக மாறும் வழியில் ஒரு மேடு இருக்கிறது, அதை ஏற முடியாமல் நிற்கிறது, அவ்வளவே. மேடு போதுமான உயரம் என்றால் அந்த நிற்றல் மிக நீளும். மைக்கேல் ஃபாரடே 1857-இல் செய்த சிவப்புத் தங்கக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது. அது கிளஸ்டர் இல்லை, அதைவிடப் பெரிய துகள். ஆனாலும் மேடு என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மே 4, மதியம்

தம்பி பதில் போட்டிருக்கிறார். டயாலிசிஸ், அதாவது கரைசலைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்வது, செய்தது கல்லூரி ஆர்ஓ தண்ணீரில். அறையில் ஏசி கிடையாது. நிறம் பழுப்பாகவே இருக்கிறது, ஆனால் லேசாகக் கலங்கியிருக்கிறது, மூடியைத் திறந்தால் ஒரு வாடை வருகிறது.

அந்த வாடைதான் பதில். டயாலிசிஸ் செய்வதற்கு முன்னால் உன் கரைசல் பிஎச் 12 பக்கத்தில், கடும் காரமாக, இருந்திருக்கும், அதில் எந்தக் கிருமியும் வளராது. கழுவிக் கழுவி நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு அது வெறும் புரதத் தண்ணீர். கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது, நம் ஊரில் நாற்பதைத் தாண்டும் சூட்டில் புரதத் தண்ணீரை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று சமையல்கட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிருமி புரதத்தைச் செரிக்க ஆரம்பித்தால் போர்வை கிழிகிறது, ஒளிர்வு போகிறது. தங்கத்துக்கு இதில் பங்கே இல்லை.

பேப்பர் எழுதியவர்கள் நான்கு டிகிரியில் வைத்திருப்பார்கள், அதையும் செய்முறையில் எழுதியிருப்பார்கள். நாம் முடிவுரையை மட்டும் படிக்கிறோம்.

மே 4, இரவு

ஆர்ஓ தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடக் கூடாது என்று தோன்றுகிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, ஆர்ஓ அதைக் குறைக்கும், ஆனால் முழுதாக எடுக்காது. அதோடு குழாயிலோ வால்விலோ செம்பு, பித்தளை இருந்தால் துளி செம்பு அயனி வந்துகொண்டே இருக்கும். பிஎஸ்ஏ கிளஸ்டரின் சிவப்பு ஒளியைச் செம்பு அயனி நன்றாகவே அணைக்கும். இதைச் சோதிப்பது சுலபம். மங்கிய கரைசலில் கொஞ்சம் எடுத்து உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ ஒரு சொட்டு விட்டு யுவி விளக்கில் பார். ஒளி திரும்பி வந்தால் செம்பு. வராவிட்டால் கிருமிக் கதைதான் பெரும்பாலும். பாதரசமும் அணைக்கும், அது தங்கம் ஒன்றோடு (+1 நிலையில் இருக்கும் தங்கம்) நேரடியாகவே ஒட்டிக்கொள்கிற வகை. 2010-இலேயே இதை வைத்துப் பாதரசம் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஆனால் உன் ஆர்ஓ குழாயில் பாதரசம் வர வழியில்லை.

மே 5

குடியாத்தத்திலிருந்து ஒரு ஆசிரியர் கேட்கிறார்: எல்லாரும் இதைத் தங்கம்-25 என்று எழுதுகிறார்களே, புரதத்துக்குள் இருபத்தைந்து அணுதான் இருக்கிறதென்று யார் எண்ணிப் பார்த்தது?

அருமையான கேள்வி ஐயா. 2009-இல் ஷியே, செங், யிங் மூவரும் சிங்கப்பூரிலிருந்து வெளியிட்ட முறைதான் இது. பத்து மில்லிமோலார் தங்கக் கரைசல் 5 மில்லி, பிஎஸ்ஏ மில்லிக்கு 50 மில்லிகிராம் வீதம் 5 மில்லி, இரண்டு நிமிஷம் கழித்து ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மில்லி, 37 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம். தனியாக ஒடுக்கி எதுவும் கிடையாது. காரத்தில் டைரோசின் ஹைட்ரஜனை இழந்ததும் அதுவே தங்கத்தை ஒடுக்குகிறது, சிஸ்டைன் கந்தகம் பிடித்துக்கொள்கிறது. அந்த 37 டிகிரிக்கு நம் ஊரில் மே மாதம் சூடேற்றியே தேவையில்லை, ஆனால் அதை நம்பாமல் ஆய்வக வாட்டர் பாத்திலேயே வையுங்கள், ராத்திரி சூடு இறங்கும்.

எண்ணிக்கை மாஸ் ஸ்பெக்கிலிருந்து, அதாவது மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியிலிருந்து, வந்தது. வெறும் பிஎஸ்ஏ 66 ஆயிரம் டால்டனுக்குச் சற்று மேல் (ஒரு ஹைட்ரஜன் அணு சுமார் ஒரு டால்டன்). கிளஸ்டர் உள்ள பிஎஸ்ஏ அதைவிடச் சுமார் ஐயாயிரம் கூடுதல். தங்க அணு ஒன்று 197. இருபத்தைந்தால் பெருக்கினால் 4925. கணக்கு சரி. ஆனால் புரதத்தின் சிகரம் அகலமானது, அதில் ஒரு அணு முன்னே பின்னே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே புரதக் கிளஸ்டரைத் தங்கம்-25 என்பது ஒரு வசதி. சுமார் இருபத்தைந்து என்று எழுதுவதுதான் நியாயம். தையால் போர்த்திய தங்கம்-25 அப்படியில்லை. அதைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் ஒவ்வொரு அணுவையும் பார்த்துவிட்டார்கள். 2008-இல் மரே குழுவும் ஜின் குழுவும் தனித்தனியாக. நடுவில் ஒன்று, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, ஆகப் பதின்மூன்று அணு இருபதுமுகி. வெளியே ஆறு வளைவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு தங்கம், மூன்று கந்தகம். பதின்மூன்றும் பன்னிரண்டும் இருபத்தைந்து. ஆறு மூன்று பதினெட்டுத் தையால்.

மே 5, சற்று நேரம் கழித்து

மாஸ் ஸ்பெக் என்றதும் ஞாபகம் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளுட்டாதயோன் என்ற தையால் போர்த்திய தங்கம்-25 கிளஸ்டரை வெட்டன் குழு 1998-இல் பிரித்தெடுத்தபோது 10.4 ஆயிரம் டால்டன் என்று அளந்து, 28 தங்கம் 16 குளுட்டாதயோன் என்று எழுதினார்கள். 2005-இல் நெகிஷியும் சுகுடாவும் ஜெல்லில் ஒன்பது பட்டைகளாகப் பிரித்து நிறை பார்த்து அது 25 தங்கம் 18 குளுட்டாதயோன் என்று நிறுவினார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது 10,416. இரண்டாவது 10,438. வித்தியாசம் 22. ஒரு ஹைட்ரஜன் போய் அந்த இடத்தில் ஒரு சோடியம் உட்கார்ந்தாலும் கூடுவது 22 தான், குளுட்டாதயோனிலோ அமிலக் கைகள் ஏராளம். இவ்வளவு நெருக்கத்தில் முதலில் அளந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

மே 6

எலெக்ட்ரான் கணக்கு எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: ஒவ்வொரு தங்கமும் ஓர் எலெக்ட்ரான் தரும், ஒவ்வொரு தையாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், மின்சுமையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 25-இல் 18 போனால் 7, கிளஸ்டர் எதிர்மின்சுமை ஒன்று கொண்டது, ஆக 8. கோர்ன்பெர்க் குழு 2007-இல் படிகமாக்கிய தங்கம்-102-இல் 44 தையால், மீதி 58. வெள்ளி-44-இல் 30 தையால், எதிர்மின்சுமை நான்கு, மீதி 18. இந்த 8, 18, 34, 58 எல்லாம் எலெக்ட்ரான் கூடு நிரம்பும் எண்கள். ஹக்கினென், வால்ட்டர் முதலானவர்கள் 2008-இல் இதைச் சூப்பர் அணு, அதாவது கிளஸ்டர் முழுவதும் ஒரே பெரிய அணு, என்ற பார்வையில் விளக்கினார்கள். பார்க்க அழகான கணக்கு. முதல் முறை போட்டுப் பார்த்த மாணவர் யாரும் மறக்க மாட்டார்.

மே 6, இரவு

அழகு என்று எழுதிவிட்டு அப்படியே விட மனசில்லை. தங்கம்-25-ஐக் காற்றில் வைத்தால் அந்த எட்டாவது எலெக்ட்ரான் போய்விடும். செம்பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பக்கம் சாயும். அது ஏழு எலெக்ட்ரான் கொண்ட நடுநிலைக் கிளஸ்டர். கூடு நிரம்பவில்லை, ஒற்றை எலெக்ட்ரான் இருப்பதால் காந்தத்துக்குப் பதில் சொல்கிறது, ஆனால் உடையவில்லை. அதையும் 2008-இலேயே படிகமாக்கினார்கள், எலும்புக்கூடு ஏறக்குறைய அதேதான். ஆக எட்டு என்ற எண் மட்டும் நிலைத்தன்மையைத் தருவதில்லை. வடிவமும் கந்தக வளைவுகளும் சேர்ந்து தாங்குகின்றன. இதே கிளஸ்டரை ஆக்சிஜனுக்கு எதிராக நிலையானதா என்று கேட்டால் மின்சுமையைப் பொறுத்தவரை இல்லை, எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை ஆமாம். ஒரே பாட்டில், இரண்டு பதில்.

மே 7, கரண்ட் போய் வந்த பிறகு

எப்படிச் செய்வது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு. ஃபீனைல்எத்தேன்தையால் போர்த்திய தங்கம்-25 நான் செய்து பழகிய முறை. அந்தத் தையாலின் வாடையைச் சொல்லி முடியாது. புகைக்கூண்டை (ஃப்யூம் ஹூட்) விட்டு வெளியே எடுக்கக் கூடாது, கையுறையைக்கூடப் பிளீச்சில் போட்டுவிட்டுத்தான் தூர எறிய வேண்டும், இல்லாவிட்டால் மாடி முழுக்கத் தேடி வருவார்கள்.

தங்கக் கரைசல் மஞ்சளாக இருக்கும். தையால் ஊற்றியதும் நிறம் மெல்ல வெளிறும், வெளிறி வெளிறி ஒரு கட்டத்தில் தண்ணீராகிவிடும். +3 நிலைத் தங்கம் +1 நிலைக்கு இறங்கித் தையாலோடு சங்கிலி போட்டுவிட்டது என்று அர்த்தம். அவசரம் இங்கேதான் கெடுக்கும். ஜின் குழு 2008-இல் காட்டியது இதுதான்: இந்தப் படியைப் பூஜ்ஜியம் டிகிரியில் மெதுவாகக் கலக்கிச் செய்தால் சங்கிலிகள் ஒரே மாதிரி அமைகின்றன, கடைசியில் தங்கம்-25 நிறையக் கிடைக்கிறது. நிறம் முழுக்கப் போன பிறகு ஐஸ் தண்ணீரில் அப்போதே கரைத்த ஒடுக்கியான சோடியம் போரோஹைட்ரைடை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நொடியில் கறுப்பாகி நுரைக்கும். அந்தக் கறுப்பில் பல அளவுக் கிளஸ்டர்கள் இருக்கும். அப்படியே கலக்க விட்டால் மிகுந்திருக்கும் தையால் பலவீனமானவற்றை அரித்துத் தின்னும், தாங்குவது மட்டும் மிஞ்சும். அளவு குவிதல் என்பார்கள் இதை.

மே மாதத்தில் ஐஸ் குளியல் வைத்துக்கொண்டு பூஜ்ஜியத்தைப் பிடித்து நிறுத்துவது வேலூரில் ஒரு தனி வேலை. ஒரு ஆள் ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் கலக்கி நிற்கும், போரோஹைட்ரைடு நேரத்தில் நின்றால் அந்தப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். நான் டிசம்பர், ஜனவரியில் செய்ததெல்லாம் சுத்தமாக வந்தது, கோடையில் வந்தது கலவையாக வந்தது. யுவி-விசிபிள் நிறமாலையில் 670 நானோமீட்டர் பக்கம் தெளிவான மேடு, 400-லும் 450-லும் இன்னும் இரண்டு, இவை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 520-இல் ஒரு கூன் எழும்பினால் கிளஸ்டரைவிடப் பெரிய, சிவப்பு நிறத் துகள் பிறந்துவிட்டது. கருஞ்சிவப்பா என்று தம்பியிடம் முதல் நாளே கேட்டது இதற்காகத்தான்.

மே 9

ஆம்பூரில் தோல் ஷாப்பில் இருக்கிற ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "நீங்க சொல்றது பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இருக்கே." ஆமாம் அண்ணே, இதைவிடப் பொருத்தமாக யாரும் சொன்னதில்லை. பச்சைத் தோல் 60 டிகிரி சொச்சத்தில் சுருங்கும், ரெண்டு நாளில் அழுகும். குரோமில் பதனிட்டால் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். உள்ளே இருக்கிற கொலாஜன் அதேதான், குரோமியம் அதன் அமிலக் கைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டது. ஆனால் அந்தத் தோலையும் நெருப்பில் போட்டால் கருகும். தோல் வாங்க வருகிறவர் நல்ல தோலா என்று மட்டுமா கேட்பார்? தண்ணீருக்கா, சூட்டுக்கா, இழுவைக்கா என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வைத்திருப்பார். கிளஸ்டர்க்காரர்களும் அப்படி வைக்க வேண்டும்.

மே 10

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உருமாற்றம். கிளஸ்டர் மாறிவிட்டால் கெட்டுவிட்டது என்று நினைப்பதை விட வேண்டும். மாற்றமே ஒரு தயாரிப்பு முறை.

தங்கம்-38 ஒன்று இருக்கிறது, 24 தையால் போர்த்தியது. அதை மிகுதியான பியூட்டைல்பென்சீன்தையாலோடு 80 டிகிரியில் வைத்தால் தங்கம்-36 ஆகிறது, தையால் அதே 24. 2013-இல் ஜின் குழு நடுவில் என்ன நடக்கிறதென்று படிப்படியாகப் பிடித்தார்கள். முதலில் போர்வை மட்டும் மாறுகிறது. புதிய தையாலில் பென்சீன் வளையம் கந்தகத்தோடு ஒட்டியே இருப்பதால் மேற்பரப்பு நெளிகிறது. பிறகு இரண்டு 38-கள் ஒரு 36, ஒரு 40 என்று பிரிகின்றன. 40 தேய்ந்து 36-க்கு வருகிறது. தங்கம்-25-ஐ இதே தையாலோடு வைத்தால் தங்கம்-28 கிடைக்கிறது, அளவு கூடுகிறது. பழைய தையாலுக்கு முன்னால் அசையாமல் நின்ற அதே 38, புதுத் தையாலுக்கு முன்னால் நிற்கவில்லை.

அடுத்தது இன்னும் பெரிசு. தங்கம்-25-க்கு ஒரு அச்சு அசல் வெள்ளி இரட்டை உண்டு, வெள்ளி-25, 2015-இல் பக்ர் குழு செய்தது. அதே எண்ணிக்கை, அதே 18 தையால், அதே எலும்புக்கூடு. இரண்டையும் ஒரே கரைசலில் ஊற்றினால்? சென்னை ஐஐடியில் பிரதீப் குழு 2016-இல் செய்து பார்த்தார்கள். அறைச் சூட்டில் சில நிமிஷங்களில் அணுக்கள் இடம் மாறின. எவ்வளவு இது, எவ்வளவு அது ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு வெள்ளியிலிருந்து இருபத்துநான்கு வெள்ளி வரை கலந்த கிளஸ்டர்கள், எல்லாமே இருபத்தைந்து அணு, எலும்புக்கூடு குலையவில்லை. இரண்டு கிளஸ்டரும் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடைநிலையையும் மாஸ் ஸ்பெக்கில் பார்த்தார்கள்.

தங்கம், வெள்ளி என்று இரண்டு உலோகம் இருப்பதால்தான் மாறுகிறது என்று நினைப்பீர்கள். 2019-இல் அதே குழு வெள்ளியின் இரண்டு ஐசோடோப்பை, 107-ஐயும் 109-ஐயும், தனித்தனியாக வைத்து இரண்டு வெள்ளி-25 செய்து கலந்தார்கள். வேதியியல்படி இரண்டும் ஒன்றே. அப்போதும் நொடிக்கணக்கில் அணுக்கள் கலந்துவிட்டன. சாதாரண நீரையும் கனநீரையும் கலந்தால் ஹைட்ரஜன் மாறிக்கொள்கிறதே, அந்த மாதிரி உலோக அணுக்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பாட்டிலில் சும்மா இருக்கிறதென்று நாம் நினைக்கிற கிளஸ்டர், பக்கத்துக் கிளஸ்டரோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டிருக்கிறது. நிறமாலை மட்டும் நேற்றுப் போலவே இருக்கிறது.

மே 10, இரவு

வெள்ளி பற்றி நடைமுறைச் சங்கதி ஒன்று. வெள்ளிக் கிளஸ்டரைப் பார்சல் அனுப்பி நிறை பார்க்கச் சொல்வது எனக்கு ஒத்துவந்ததே இல்லை. ஒரு தடவை வெளியூர் மையம் ஒன்றுக்கு அனுப்பினேன், அவர்கள் மாதிரியை வாங்கி வெயில் படும் ஜன்னலோர மேசையில் வரிசைக்காகக் காத்திருக்க வைத்துவிட்டார்கள், கடைசியில் வந்த நிறமாலையில் நான் அனுப்பியது இல்லவே இல்லை. அதற்குப் பிறகு பொடியாக உலர்த்தி, தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் ஆள் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன், காட்பாடியில் ரயில் ஏற்றினால் மதியத்துக்குள் போய்ச் சேரும்.

வெள்ளி என்றாலே இப்படித்தான் என்றும் இல்லை. 2013-இல் வெளியான வெள்ளி-44-ஐ ஒரே தயாரிப்பில் 140 கிராம் செய்தார்கள், அளவு பிரிக்கும் வேலையே இல்லாமல். 32 வெள்ளி உள்ளே, ஆறு மூடிகள் வெளியே, ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளி, ஐந்து கந்தகம். வெள்ளி-25-இன் நடு அணுவை மட்டும் எடுத்து அங்கே ஒரு தங்கத்தை வைத்தாலும் அது நன்றாகத் தாங்குகிறது, ஒளிர்வோ சுமார் 25 மடங்கு கூடுகிறது. ஒரே ஒரு அணு!

மே 11

சித்த மருத்துவத் தங்க பற்பம் கிளஸ்டர்தானே என்று கேட்டவருக்கு. பற்பத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது கிளஸ்டராக இருக்க முடியாது. புடம் போடுகிற சூட்டில் தையாலும் புரதமும் மிஞ்சாது. தையால் 200 டிகிரி பக்கத்திலேயே கழன்றுவிடும். போர்வை போன பிறகு இருபத்தைந்து அணு இருபத்தைந்தாக நிற்காது. பற்பம் வேறு பொருள், அதை அதன் வழியில்தான் ஆராய வேண்டும்.

மே 12

ராணிப்பேட்டை நண்பர் கேட்டது நம் எல்லாருக்கும் வேண்டியது: "இங்கே மூடிக்கிடக்கிற குரோமேட் ஆலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிற இடங்கள் இருக்கின்றன. இந்தச் சிவப்புக் கிளஸ்டரை வைத்து வீட்டிலேயே குரோமியம் சோதிக்க முடியுமா? பேப்பரில் முடியும் என்று போட்டிருக்கிறது."

குரோமேட் ஊற்றினால் ஒளி மங்கும், உண்மை. ஆனால் ஏன் மங்குகிறது என்று பார்க்க வேண்டும். குரோமேட் மஞ்சள், அது 372 நானோமீட்டர் பக்கத்தில் பலமாக உறிஞ்சும். நம் யுவி விளக்கு 365. அதாவது கிளஸ்டருக்குப் போக வேண்டிய வெளிச்சத்தைக் குரோமேட் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. கிளஸ்டரை அது தொடவே வேண்டியதில்லை. பார்க்க விரும்பினால், குரோமேட் கரைசலைத் தனிக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து விளக்குக்கும் கிளஸ்டருக்கும் நடுவில் வையுங்கள், கலக்க வேண்டாம். அப்போதும் மங்கும். அப்படியென்றால் 365-இல் உறிஞ்சுகிற வேறு எந்தப் பொருள் தண்ணீரில் இருந்தாலும் குரோமியம் என்று பொய் சொல்லும், தோல் பட்டறைப் பக்கத்துத் தண்ணீரில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு.

குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். தண்ணீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறதென்றால் அந்த அளவு எப்போதோ தாண்டியாயிற்று, சோதிக்கும் வரை காத்திருக்காமல் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். சோதனைக்கு டைஃபீனைல்கார்பசைடு முறை போதும், அமிலத்தில் குரோமியம் ஆறோடு சேர்ந்து ஊதாவாகும், 540-இல் அளக்கலாம், எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். அதைவிட்டுத் தங்கத்தைச் செலவழித்துப் பொய் சொல்லக்கூடிய சோதனையை மக்களிடம் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. கிளஸ்டரை நேசிக்கிறவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து அளந்து பார்ப்போம்.

மே 14

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு. தங்க குளோரைடு உப்பில் எடைக்குப் பாதிதான் தங்கம். பிஎஸ்ஏ முறையில் ஒரு தடவைக்கு வேண்டியது சுமார் 20 மில்லிகிராம் உப்பு, அதாவது 10 மில்லிகிராம் தங்கம். அது பயப்படும் செலவில்லை, பிஎஸ்ஏ-வும் டயாலிசிஸ் பையும்தான் கடிக்கும். முட்டை வெள்ளைக்கருவிலும் சிவப்புக் கிளஸ்டர் வரும், வெளியாகியும் இருக்கிறது. வகுப்பில் காட்ட அது போதும், நானும் அதைத்தான் காட்டுகிறேன். ஆனால் வெள்ளைக்கருவில் பல புரதங்கள், ஆளாளுக்கு வேறு முட்டை. அளவெடுத்து எழுதும் புராஜெக்டுக்கு அதை எடுக்காதீர்கள்.

கழிவை மட்டும் கொட்டிவிடாதீர்கள். தனிப் பாட்டிலில் சேர்த்து வைத்தால் வருஷக் கடைசியில் ராஜ திராவகத்தில் கரைத்துத் தங்கத்தைத் திரும்ப எடுக்கலாம்.

மே 17

தம்பி இடிடிஏ விட்டுப் பார்த்தாராம். ஒளி கொஞ்சம் திரும்பியது, முழுக்க இல்லை. ஆக இரண்டுமே நடந்திருக்கிறது, செம்பும் உண்டு, கிருமியும் உண்டு. பழைய பாட்டிலை விட்டுவிடு. புதிதாக ஒன்று செய், இரண்டு முறை காய்ச்சி வடித்த நீரில் டயாலிசிஸ் செய், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து ஐந்து குப்பியாகப் பிரி. ஒன்று நான்கு டிகிரியில், இருட்டில். ஒன்று மேசையில், இருட்டில். ஒன்று மேசையில், வெளிச்சத்தில். ஒன்றில் உப்பு சேர்த்து. ஒன்றை டயாலிசிஸ் செய்வதற்கு முன்பே எடுத்துக் காரத்தோடேயே வை. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே பிளவு அகலத்தில், 640 பக்கத்தில் வரும் சிகரத்தைப் பார்த்து அள, கூடவே 520-இல் கூன் எழுகிறதா என்றும் பார்.

வைவாவில் நிலையானதா என்று கேட்பார்கள். ஐந்து கோடு போட்ட வரைபடத்தை எடுத்து நீட்டி, எதற்கு எதிராக என்று அவர்களையே கேள். தேதி தெரிந்தால் சொல், ஒளிர்வை அளக்கும் எங்கள் ஃப்ளூரோமீட்டர் காலையில் சும்மாதான் இருக்கும், குப்பிகளை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு வா.